பேட்டரி இறங்கிய வேகத்தில் ஒரு வயலின்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தேவராஜ் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கள் மெல்லிசைக் குழுவைத் தொடங்கி இன்றுவரை நடத்திவருபவர் அவர், ஆர்கன் வாசிப்பவர். வழக்கமாக அவர் அழைத்தால் முதலில் நிகழ்ச்சி நடக்கும் ஊரைச் சொல்வார், பிறகு வண்டி புறப்படும் நேரத்தைச் சொல்வார். அன்று ஊர் எதையும் சொல்லவில்லை. "ரூலு, நம்ப கலியமூர்த்தி பூட்டாம்ப்பா" என்றார். "லீவு போட்டு கரும்பு வெட்டு பாத்துக்கினு இருந்தானாம். அப்டியே வரப்புல உக்காந்துட்டானாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள..."

'ரூலு' என்பது என் பெயரன்று. விதிகளை விட்டு நகராதவன் என்ற பொருளில் கலியமூர்த்தி எனக்கு வைத்த பெயர். அது குழு முழுவதும் பரவி, எங்களை நிகழ்ச்சிக்கு அழைக்கிறவர்கள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. இறந்தவரை மரியாதைப் பன்மையில் குறிப்பிடுவதே இதுபோன்ற அஞ்சலிக் குறிப்பின் முறை. முறைகளில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆயினும் அவனை 'அவர்' என்று எழுதிப் பார்த்தபோது வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. ஆகவே இந்த ஒரு முறையை மட்டும் விட்டுவிட்டு ஒருமையிலேயே எழுதுகிறேன். அவனோடு வாசித்தவர்களும், அவனை மேடையில் கேட்டவர்களும் பொறுத்துக்கொள்வீர்கள்.

அவனுடைய கேலியைப் பற்றி, தாராளத்தைப் பற்றி, பந்தியில் அவன் அடித்த கூத்துகளைப் பற்றி எழுத உங்களில் பலர் இருக்கிறீர்கள். என்னால் துல்லியமாக எழுதக்கூடியது வேறு. நான் அவன்மேல் பொறாமை கொண்டவன். பொறாமைக்குப் பொதுவாக ஒரு சாக்கு கிடைக்கும்: அவனுக்கு வசதி இருந்தது, அவனுக்கு ஆள் இருந்தது என்று எதையாவது சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்று. நாங்கள் ஒரே வயது. அவன் எலவனாசூர்கோட்டை, நான் கள்ளக்குறிச்சி. இரண்டு குடும்பங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நிலம், அதில் ஒரே பயிர். கடலூரில் மேற்கத்திய முறையில் வயலின் கற்பித்த ஒரு மாஸ்டரிடம் சனிக்கிழமைதோறும் ஒரே பேருந்தில் போய் வந்தோம். பின்னாளில் ஒரே ஒதுக்கீட்டின் கீழ் இருவருக்கும் அரசு வேலை கிடைத்தது. அவன் வருவாய்த் துறையில் எழுத்தரானான், நான் இயற்பியல் ஆசிரியரானேன். எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது வயலின் மட்டுமே. அதில்தான் அவன் என்னை முந்தினான்.

சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே ஒரு வாத்தியம் தனியாக வாசிக்கும் பகுதியை எங்கள் குழுவில் 'பிட்டு' என்போம். அதற்கு அச்சிட்ட இசைக்குறிப்பு எங்கும் கிடைக்காது. கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, மறுபடி ஓடவிட்டு, காதில் விழுவதைத் தாளில் இறக்க வேண்டும். பிறகு அந்தத் தாளை வைத்துப் பழக வேண்டும். இறக்கும் வேலை எப்போதும் என்னுடையது. மேற்கத்திய இசைக்குறிப்புக்கான ஐந்து கோடுகளை அளவுகோல் வைத்துப் போட்டு, ஒவ்வொரு சுரத்தின் நீளத்தையும் கணக்கிட்டு எழுதுவேன். ஒரு வரி பிழையின்றிக் கைக்கு வரும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டேன். கலியமூர்த்தி என் தாளை வாங்கி ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்ப்பான். பிறகு அதை எதிரில் சாய்த்து வைத்துவிட்டு, கேசட்டை ஓடவிட்டு, கூடவே வாசிப்பான். மறுபடி ஓடவிடுவான். மறுபடி வாசிப்பான். அவன் உழைக்காதவன் என்று யாரேனும் நினைத்தால் அது பிழை. என்னைவிட அதிக நேரம் வில்லைப் பிடித்தவன் அவன்.

"தாளு கரெக்டா கீது ரூலு" என்று ஒருமுறை சொன்னான். "ஆனா வாசிக்கிறவன் எந்த எடத்துல மூச்சு வுடுறான்னு நீ எழுதவே இல்லியே?"

"அதுக்குக் குறி கிடையாதுடா."

"அப்ப அத மட்டும் நான் கேட்டுக்கறேன். மிச்சத்துக்கு நீதான் இருக்கியே."

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பகுதியில் பெரிய சாலை மறியல் நடந்த ஆண்டில் நாங்கள் கல்லூரி மாணவர்கள். மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகே ஒரு கோயில் திருவிழாவுக்காகக் குழு மேலே ஏறிவிட்டது. ஆட்களும் வாத்தியங்களும் முதலில். ஜெனரேட்டரும் மைக் செட்டும் மறுநாள் வண்டியில் வருவதாக ஏற்பாடு. மறுநாள் வண்டி வரவில்லை. கீழே சாலை நெடுகிலும் மரங்களை வெட்டிப் போட்டிருப்பதாக ரேடியோவில் செய்தி வந்தது. திருவிழாக்காரர்கள் எங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். "ரோடு தொறந்து வண்டி ஏறுற அன்னிக்குக் கச்சேரி வச்சிக்கலாங்க. அதுவரிக்கும் சாமி எங்க போவப் போவுது? நீங்க சாப்ட்டுக்கினு இருங்க" என்று அவர்களுள் மூத்தவர் சொன்னார்.

அவர்கள் கேட்டிருந்தது அப்போது புதிதாக வந்திருந்த ஒரு படப் பாட்டு. கேசட் தேவராஜ் அண்ணனிடம் இருந்தது. அதில் நீளமான வயலின் பிட்டு ஒன்று. அதுவரை எங்கள் குழுவில் முதல் வயலின், இரண்டாம் வயலின் என்ற பிரிவினை இல்லை. கிடைத்ததை இருவரும் சேர்ந்து வாசித்தோம். அந்தப் பாட்டில் அது முடியாது. "இத எவன் நல்லா வாசிக்கிறானோ அவன்தான் இனிமே மொத வயலினு. இன்னொருத்தன் அடியில புடிச்சிக்கினு இருக்கணும். பின்னாடி என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்று தேவராஜ் அண்ணன் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். அடியில் பிடிப்பது என்றால், தனியாக வாசிக்கிறவனுக்குக் கீழே நீண்ட துணைச் சுரங்களைத் தாங்கிக்கொண்டிருப்பது. அந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது. அந்த முதல் இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு தெளிவாக நான் எதையும் அதற்கு முன் விரும்பியதில்லை.

மலையில் நாங்கள் தங்கிய இடத்தில் மின்சாரம் இல்லை. டேப் ரெக்கார்டர் பேட்டரியில்தான் ஓடியது. பேட்டரி புதிதாக இருந்தபோதே, மற்றவர்கள் ஊர் சுற்றப் போன நேரத்தில், நான் உட்கார்ந்து முழுப் பிட்டையும் தாளில் இறக்கி முடித்தேன். அந்த நாட்களில் கலியமூர்த்தி திருவிழாக்காரர்களோடு பலாச்சுளை தின்றுகொண்டும் பந்தல்கால் நட்டுக்கொண்டும் இருந்தான். அவன் என் தாளை வாங்கிக்கொண்டு பழக உட்கார்ந்தபோது பேட்டரி இறங்கத் தொடங்கியிருந்தது. பேட்டரி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும். பாட்டின் வேகமும் குறையும், சுருதியும் கீழே போகும். புதிய பேட்டரி வாங்கலாம் என்றால் கடையில் ஒன்றுகூட இல்லை. கீழே என்ன நடக்கிறது என்று கேட்பதற்காக மலையில் ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லாரும் வாங்கிப் போய்விட்டார்கள். கலியமூர்த்தி பேட்டரிகளைக் கழற்றிப் பாறைமேல் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவான். சற்று நேரம் தெம்பாகப் பாடும், பிறகு மீண்டும் இழுக்கும்.

இந்த இடத்தில் அவன் செய்தது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். இயந்திரம் பிழையாக ஓடுகிறது என்று ஒதுக்குவதற்குப் பதிலாக, தன் வயலின் தந்திகளைத் தளர்த்தி, கேசட்டின் சுருதிக்குக் கொண்டுபோனான். மறுநாள் கேசட் இன்னும் இறங்கியது. அவனும் இன்னும் தளர்த்தினான்.

"மிஷினு தப்பாப் பாடுதுடா" என்றேன். "ஒரிஜினல் இதுக்கு மேல ஒரு கட்டை. வேகமும் இது கிடையாது. நான் தாள்ல எழுதியிருக்கறதுதான் சரி."

"அதையேதான வாசிக்கறேன்? ஒரு புள்ளியாவது மாத்தினனா?"

"சுருதி?"

"அதுக்கும் வயசாவுதுப்பா. பாவம், வுடு. அது கூடவே நானும் நடந்துக்கினு போறேன்."

அவன் சொன்னது உண்மை. தாளில் இருந்த ஒரு சுரத்தையும் அவன் மாற்றவில்லை. என் எழுத்து, என் விரல் குறிப்புகள், வில்லை எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று நான் போட்ட அம்புக்குறிகள், எல்லாம் அப்படியே. தளர்ந்த தந்தியில், குறைந்துபோன வேகத்தில் அவன் அவற்றை வாசித்தான், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எங்கள் மனநிலையையும் சொல்ல வேண்டும். அவனுடைய அண்ணன் உளுந்தூர்பேட்டைப் பக்கம் மறியலில் இருந்தார். என் அப்பாவும் அதே சாலையில்தான் இருந்தார். துப்பாக்கிச் சூடு என்று ரேடியோ சொன்னது. யார், எந்த இடம் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. கடிதமும் வராது, ஆளும் வர முடியாது. கலியமூர்த்தி அன்று சாப்பிடாமல் வாசித்துக்கொண்டிருந்தான். நானும் சாப்பிடவில்லை, நானும் வாசித்துக்கொண்டிருந்தேன். அவன் வாசிப்பில் இருந்த கனம் அந்தப் பயத்திலிருந்து வந்தது என்று பின்னாளில் சிலர் மேடையிலேயே விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அதே பயம் எனக்கும் இருந்தது. என்னிடமிருந்து பிழையற்ற வாசிப்பு வந்தது, அவ்வளவே. பிற்பாடு தெரிந்தது: அவன் அண்ணனைக் கைது செய்து பிறகு விட்டிருந்தார்கள், என் அப்பா திருநாவலூரில் உறவினர் வீட்டில் பத்திரமாக இருந்தார்.

ரோடு திறந்து ஜெனரேட்டர் மேலே வந்த அன்று பிற்பகல், பள்ளிக்கூடத்தின் முன்னால் தேவராஜ் அண்ணன் எங்கள் இருவரையும் வாசிக்கச் சொன்னார். நான் முதலில் வாசித்தேன். கையில் ஒரு பிழையும் வரவில்லை. "சுத்தம்" என்றார். அடுத்து கலியமூர்த்தி. அவன் வாசித்து முடித்த பிறகு அண்ணன் எழுந்து போய் ஆர்கனின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கட்டை இறக்கி முதல் வரியை வாசித்துப் பார்த்தார். எங்கள் பாடகருக்கு மலைக்குளிரில் தொண்டை கட்டியிருந்தது. "இந்தச் சுருதி எனக்குத் தோதா கீதுண்ணா" என்று அவரும் சொல்லிவிட்டார்.

பாடகருக்குத் தொண்டை கட்டியதால்தான் முதல் வயலின் இடம் அவனுக்குப் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அன்றைய கச்சேரி அந்த ஆறுதலையும் எடுத்துக்கொண்டது. அவன் வாசிக்கத் தொடங்கியதும் கடை வைத்திருந்தவர்கள் அடுப்பை விட்டு எழுந்து வந்தார்கள். நான் பக்கத்தில், என் வயலினையும் அவன் சுருதிக்குத் தளர்த்திக்கொண்டு, அடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் திருவிழாக்காரர்களுள் மூத்தவர் மேடைக்கு அருகில் வந்து, "பாட்டு வேணாங்க. அந்தப் பிடிலு மட்டும் மறுபடி வையுங்க" என்றார். கலியமூர்த்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என் தாள் காற்றில் பறக்காமல் இருக்க, அதன்மேல் அவன் காலை வைத்திருந்தான்.

கீழே இறங்கிய பிறகு கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு டீக்கடையில் அதே பாட்டு, உரிய சுருதியில், உரிய வேகத்தில் ஓடியது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு நியாயம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கூர்ந்து கேட்டான். "இன்னாடா இவன், பஸ்ஸப் புடிக்கப் போறவன் மாதிரி வாசிக்கிறான்?" என்றான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சேர்ந்து சிரித்தார்.

அதன் பிறகு எங்கள் பகுதியில் அந்தப் பாட்டு அப்படித்தான். மணலூர்பேட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டைவரை எத்தனையோ திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் எங்கள் குழு அதைப் பேட்டரி இறங்கிய வேகத்தில் வாசித்தது. ஒரு முறை, ஒரு திருமணத்தன்று, கலியமூர்த்திக்குக் காய்ச்சல். அன்று அந்தப் பிட்டு என் கைக்கு வந்தது. குழுவையும் சம்மதிக்கவைத்து, நான் அதை அசல் சுருதியில், அசல் வேகத்தில், இசையமைத்தவர் என்ன நினைத்தாரோ அதன்படி வாசித்தேன். மேடையை விட்டு இறங்கி வந்தபோது பெண்ணின் தகப்பனார் கைகூப்பி, "எல்லாம் நல்லா இருந்துதுங்க. அந்த ஒரு பாட்டத்தான் கொஞ்சம் ஓட்டிட்டீங்க. வண்டிக்கு நேரமாச்சுங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர் கேட்டதில் தவறில்லை. அவர் அறிந்த பாட்டு அதுதான்.

சென்ற ஆடி மாதத் திருவிழாவுக்கான ஒத்திகையின்போது அவனிடம் நேராகவே கேட்டேன். பிட்டின் நடுவில், உச்சத்தில் இருக்கும் ஒரு சுரத்தில் அவன் நினைத்தபடி நிற்பான். சில நாள் சற்றே நிற்பான், சில நாள் நெடுநேரம். எப்போது இறங்குவான் என்பது யாருக்கும் தெரியாது.

"அந்த எடத்துல உனக்குப் பயமே வராதாடா? தாளம் தப்பிடும்னு?"

"எனக்கு இன்னாத்துக்குப் பயம்?" என்றான். வில்லுக்கு ரோசனப் பிசினைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "அடியில நீ புடிச்சிக்கினு இருக்க. நீ நவுற மாட்ட. நான் எங்கியோ சுத்திட்டு வந்தாலும் நீ அங்கியே நிப்ப. அந்த தெகிரியத்துலதான வாசிக்கிறேன். நீ மட்டும் என்ன மாதிரி ஆளா இருந்திருந்தா ரெண்டு பேரும் சேந்து காணாம பூட்டிருப்போம்."

பிறகு, அது பாராட்டாகிவிடுமோ என்று சங்கடப்பட்டவன்போல், "ஆனா மூஞ்ச மட்டும் அப்டி வச்சிக்காத. ஜனங்க கச்சேரிக்கி வர்றாங்களா பரீட்சைக்கி வர்றாங்களான்னு கொழம்பிடுறாங்க" என்றான்.

எலவனாசூர்கோட்டையில் அவனைக் கிடத்தியிருந்த வீட்டின் முன்னால், உறவினர் ஒருவர் கைப்பேசியில் அந்தப் பிட்டின் பதிவை ஓடவிட்டார். ஏதோ ஒரு திருமணத்தில் எடுத்தது. அழுகை நின்று எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் சரியாக எழும்பாது. மேலே இருப்பது மட்டும்தான் கேட்கும். அவனுடைய வயலின் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த உச்ச சுரத்தில் நின்றான். அடியில் எதுவும் இல்லை. அவனுடைய மனைவி என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்களும்தான கூட வாசிப்பீங்க? இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டார்.

"இருக்கேன்மா. இந்தப் போன்ல கேக்காது."

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அவன் எதிரில் கிடக்கும்போதும், அவன் வாசிப்பு மட்டும் எழுந்து நிற்க என்னுடையது காணாமல் போனதை எண்ணி மனம் காந்தியது. அந்த வீட்டில் அன்று அழுதவர்களுள் நானும் ஒருவன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

காரியம் முடிந்த பிறகு தேவராஜ் அண்ணன் அழைத்தார். அவன் நினைவாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு நிகழ்ச்சி நடத்துவதாகச் சொன்னார். "அந்தப் பிட்டு இனிமே நீதாம்ப்பா" என்றார். மலையில் அவர் எங்களை நிற்கவைத்துப் பேசிய நாளிலிருந்து நான் கேட்க விரும்பிய சொல் அது. இப்போது குழுவில் இன்னொரு வயலின் இல்லை. புதிதாக யாரும் சேரவும் இல்லை. அடிச் சுரங்களைக் கீபோர்டில் பதிந்துவைத்து ஓடவிடலாம் என்று முடிவாயிற்று. என் பகுதியை நானே அளந்து பதிந்து கொடுத்தேன். அதில் ஒரு பிழையும் கிடையாது.

நேற்று ஒத்திகை. உங்களுக்குப் பழகிய வேகத்திலேயே, பழகிய சுருதியிலேயே வாசிப்பது என்று தீர்மானித்திருந்தேன். கேட்க வருகிறவர்களுக்கு அதுதான் நியாயம். வாசித்துக்கொண்டே போனவன், அந்த உச்ச சுரத்துக்கு வந்ததும், வாழ்க்கையில் முதன்முறையாக அங்கே சற்று நிற்க விரும்பினேன். நின்றேன். பதிவு நிற்கவில்லை. தன் கணக்குப்படி அடுத்த சுரத்துக்குப் போய், அதற்கடுத்ததற்கும் போய்விட்டது. நான் வில்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியதாயிற்று. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதுவே நடந்தது. அவன் நின்றபோதெல்லாம் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கணக்கை நான் நிறுத்திவைத்திருக்கிறேன். அவன் இறங்கிவரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். அதைத் துல்லியம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

அவனிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவனுடைய வயலினை அவன் மகள் வைத்திருக்கிறாள், அது முறைதான். அவன் நிற்கும் விதம் எனக்கு வராது. என்னிடம் மிஞ்சுவது அவன்மேல் உள்ள பொறாமை ஒன்றே. அதை நான் விட்டுவிடப் போவதில்லை. இப்போதுதான் அதற்கு ஒழுங்கான ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அவன் வாசித்தபோது அவனுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். நான் வாசிக்கும்போது என் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை.